பியானோலா மக்கர் பண்ணுதா? சத்தத்தை வெச்சு வியாதியைக் கண்டுபிடிக்கற வழி

பேப்பர் ரோலை மாட்டி காலால மிதிச்சா தானா வாசிக்குமே, அந்தப் பழைய ப்ளேயர் பியானோ உங்க வீட்டுக்கு வந்திருக்குன்னா பெரும்பாலும் ஓசில வந்திருக்கும், ஓசில வந்ததுன்னா ஓடாத நிலைல தான் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். இங்க ஒஹாயோல எங்க தெருவுல ஒரு பாட்டி வீடு காலி பண்றப்போ தூக்கிட்டுப் போறியான்னு கேட்டாங்க, நான் யோசிக்காம சரின்னுட்டேன், அஞ்சு பேர் சேர்ந்து தூக்கினோம், அதுல ரெண்டு பேர் இன்னிக்கும் என்கிட்ட சரியா பேசறதில்ல. 1920கள்ல அமெரிக்கால தயாரான பியானோல பாதிக்கு மேல இந்த வகையா இருந்த வருஷமெல்லாம் உண்டு. அப்புறம் ரேடியோ வந்துச்சு, 1929ல மார்க்கெட் விழுந்துச்சு, எல்லாம் பேஸ்மென்ட்டுக்குப் போயிடுச்சு. அதான் இப்போ ஓசில கிடைக்குது.

நாலு குளிர்காலம் இதோட மல்லு கட்டினதுல கத்துக்கிட்டதை எழுதறேன். மிதிக்கற டைப்புக்கு மட்டும் தான் இது, மோட்டார் வெச்சதுக்கு பாதி பொருந்தும்.

ரிப்பேருக்குப் போறதுக்கு முன்னாடி இது எப்படி ஓடுதுன்னு ஒரு நிமிஷம். சுருதிப்பெட்டில துருத்தி காத்தை வெளிய தள்ளும்ல, இங்க உல்டா, துருத்தி காத்தை உறிஞ்சும். நீங்க பெடல் மிதிக்க மிதிக்க உள்ள இருக்கற மரப்பெட்டில காத்து குறையும். நடுவுல ஒரு பித்தளைப் பட்டை, அதுல வரிசையா 88 ஓட்டை, அதுக்கு மேல தான் ரோல் பேப்பர் ஓடும், இதை ட்ராக்கர் பார்னு சொல்லுவாங்க. பேப்பர்ல இருக்கற ஓட்டையும் பார்ல இருக்கற ஓட்டையும் நேருக்கு நேர் வந்தா ரூம் காத்து உள்ள போகும், மெல்லிசு ரப்பர் டியூப் வழியா இறங்கி ஒரு வட்டமான மெல்லிய தோலைத் தூக்கும், தோல் வால்வைத் தூக்கும், வால்வு திறந்ததும் அந்தக் கட்டைக்குன்னு இருக்கற குட்டித் துருத்தி படக்னு மூடி சுத்தியலைத் தள்ளும். பேப்பர் மறுபடி மூடினதும் தோலுக்கு அடில மாட்டிக்கிட்ட காத்து வெளிய போகணும்ல, அதுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு பொடி ஓட்டை இருக்கு. அதுக்குப் பேர் ப்ளீட். இந்த ப்ளீட்டை ஞாபகம் வெச்சுக்கங்க, அடிக்கடி வரும்.

இன்னொண்ணு, எந்தக் குறைன்னாலும் முதல்ல அந்தக் கட்டையை விரலால அமுக்கி வாசிச்சுப் பாருங்க. விரலாலயும் வரலன்னா அது பியானோவோட பிரச்சனை, சுத்தியல் இறுகியிருக்கும், இல்ல கம்பி அறுந்திருக்கும், அதுக்கு ட்யூனரைக் கூப்பிடணும், கீழ இருக்கற எதுவும் உங்களுக்கு உதவாது. நான் இதைத் தெரியாம ஒரு முழு சனிக்கிழமை ரப்பர் டியூபை நோண்டிட்டு இருந்தேன்.

மிதிச்சா கால் தொபுக்னு கீழ போகுது, எதுவும் வாசிக்கல, இல்ல முனகுது

இது தான் நம்பர் ஒன் கம்ப்ளெயின்ட், இதுக்கு அர்த்தம் எங்கயோ காத்து உள்ள வருதுங்கறது. எங்கன்னு தெரியாம மொத்தத்தையும் பிரிக்கறது தான் எல்லாரும் பண்ற தப்பு. பாகம் பாகமா அடைச்சுப் பாக்கணும்.

ஓட்டையே இல்லாத ஒரு பேப்பரை ட்ராக்கர் பார் மேல இழுத்து விடுங்க (ரோலோட ஆரம்பத்துல வெறும் பேப்பர் இருக்குமே, அதுவே போதும்), டெம்போ லீவரை (பேப்பரோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கறது) சைபர்ல வைங்க, இப்போ மிதிங்க. நல்ல நிலைல இருக்கற மெஷின்ல நாலஞ்சு மிதில பெடல் கல்லு மாதிரி ஆகிடும், காலை எடுத்தா பெரிய துருத்தி மெதுவா ஆற அமர விரியும். உங்களது அப்படி ஆகலையா, அடுத்து கீழ இருக்கற மிதி துருத்திலேருந்து மேல் பெட்டிக்குப் போற பெரிய ஹோஸைக் கழட்டி வாயை கார்க் வெச்சோ தடிமனான டேப் ஒட்டியோ அடைச்சிட்டு மறுபடி மிதிங்க. இப்போ இறுகிடுச்சுன்னா கீழ எல்லாம் சுத்தம், லீக் மேல தான். இன்னும் இறுகலன்னா மேல எதையும் தொடாதீங்க, கீழ இருக்கற துருத்தித் துணி தான் போயிருக்கு. பேப்பரை உருட்டற காத்து மோட்டாருக்குப் போற ஹோஸையும் இதே மாதிரி தனியா அடைச்சுப் பாக்கலாம்.

துணியைப் பாத்தாலே தெரியும். ரப்பர் பூசின துணி அது, நூறு வருஷத்துல ரப்பர் செத்துப்போய் மடிப்புல மடக்கினா அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்கினா ஒட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்ல, மாத்தித்தான் ஆகணும்.

மேல தான் லீக்னு தெரிஞ்சா உடனே பயப்படாதீங்க. மொத வேலை ஸ்க்ரூ. இங்க குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா மரம் காஞ்சு சுருங்கும், வெயில்காலத்துல ஊதும், இப்படி நூறு தடவை ஆனதுல பெட்டியை மூடி வெச்சிருக்கற ஸ்க்ரூ எல்லாம் லூஸா தான் இருக்கும். ஒவ்வொண்ணா, ரொம்ப முறுக்காம, கால் திருப்பு அரை திருப்புன்னு இறுக்கிட்டே வாங்க. என் மெஷின்ல பாதி உயிர் இதுலயே வந்துடுச்சு, காசு ஒண்ணும் செலவில்ல.

மிச்ச லீக்கைத் தேட ரெண்டு வழி. ஒரு அடி நீளத்துக்கு ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதுல வெச்சுக்கிட்டு இன்னொரு முனையை மூட்டு மூட்டா நகர்த்துங்க, ஒருத்தர் மிதிச்சிட்டே இருக்கணும், லீக் இருக்கற இடத்துல உஸ்ஸ்னு கேக்கும். ரெண்டாவது நம்ம ஊர் வழி, ஊதுவத்தி. புகை நேரா மேல போகாம ஒரு இடுக்குக்குள்ள வளைஞ்சு போச்சுன்னா அங்க தான் லீக். ஆனா காஞ்ச துணியும் நூறு வருஷ மரமும் பக்கத்துல இருக்கு, கவனம், வீட்டம்மா வேற பாத்துட்டு இருப்பாங்க.

பசை விஷயம் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா எனக்குக் கோவம் வர்ற விஷயம் இது. எனக்கு முன்னாடி இந்தப் பியானோவை யாரோ ஒருத்தர் "சரி" பண்ணிருக்கார், சிலிகான் வெச்சு. சிலிகான் படிஞ்ச மரத்துல அதுக்கப்புறம் எந்தப் பசையும் ஒட்டாது, மரத்தையே சீவி எடுக்கணும். ஃபெவிக்கால் வகை வெள்ளைப் பசையும் வேணாம், டக்ட் டேப் வேணவே வேணாம். தச்சு வேலைல வஜ்ஜிரம்னு சொல்வாங்களே, தோல் காய்ச்சி எடுத்து சூடா பூசற பசை, அது தான் இதை செஞ்சவங்களும் போட்டது. அதோட பெருமையே கழட்ட முடியும்ங்கறது தான், வெந்நீரும் ஆவியும் காட்டினா விட்டுடும், நமக்கு அப்புறம் வர்றவன் நம்மளைத் திட்ட மாட்டான்.

ஒரே ஒரு நோட் மட்டும் வரல

விரலால வருது, ரோல்ல வரல. 10ல 7 தடவை பஞ்சு தான். பேப்பர்லேருந்து உதிர்ற தூசி ட்ராக்கர் பார் ஓட்டைக்குள்ள போய் அடைச்சுக்கும். அதை உறிஞ்சவே ஒரு கைப்பம்ப் விக்கறாங்க, பார் மேல அழுத்தி வெச்சு இழுத்தா வரும், ஒவ்வொரு ஓட்டையா பண்ணணும். வீட்டு வேக்யூம் க்ளீனரை அப்படியே வெச்சு உறியாதீங்க, அதோட இழுப்புக்கு பழைய தோல் கிழிஞ்சிடலாம், அப்புறம் ஒரு நோட்டுக்கு பதிலா எட்டு நோட் போகும்.

பம்ப் பண்ணியும் வரலன்னா அந்த நோட்டோட டியூபை வால்வுப் பக்கத்துலேருந்து உருவிடுங்க. மத்த ஓட்டை எல்லாம் வெறும் பேப்பரால மூடியிருக்கணும். உருவினதும் நோட் அடிச்சதுன்னா வால்வு, துருத்தி எல்லாம் நல்லாருக்கு, அடைப்பு டியூப்ல. அடிக்கலன்னா உள்ள தோல் கிழிஞ்சிருக்கு, இல்ல வால்வு ஒட்டிக்கிச்சு, இல்ல குட்டித் துருத்தியோட துணி போயிருக்கு. அடிக்குது ஆனா சவசவன்னு அடிக்குதுன்னா பெரும்பாலும் அந்தத் துணில ஊசி ஓட்டை. இந்த டியூப் டெஸ்ட்டை நான் யாரு கேட்டாலும் சொல்றது, பிரிக்காமயே பிரச்சனை இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு ரெண்டே செகண்ட்ல தெரிஞ்சிடும்.

சில மெஷின்ல ரப்பருக்கு பதிலா ஈயக் குழாய் இருக்கும். அது மேல வெள்ளை வெள்ளையா பொடி பூத்திருந்தா வாய் வெச்சு ஊதாதீங்க, தொட்டா கை கழுவுங்க, பசங்களைப் பக்கத்துல விடாதீங்க.

ஒரு நோட் விடாம அடிச்சுப் பிடிச்சுக்கிட்டே இருக்கு

வெறும் பேப்பர் மூடியிருக்கும்போதும் ஒரு நோட் கட்டை கீழயே நிக்குது. வால்வுக்கு ஒட்டின இடத்துல டியூபை விரலால நசுக்குங்க. நோட் நின்னுடுச்சுன்னா நசுக்கின இடத்துக்கும் பாருக்கும் நடுவுல டியூப் வெடிச்சிருக்கு இல்ல கழண்டிருக்கு, காத்து அந்த வழியா போகுது. ஒரு ரூபாய் வேலை, மாத்திடலாம். நசுக்கியும் நிக்கலன்னா ப்ளீட் அடைச்சிருக்கும், இல்ல வால்வுக்கு அடில ஏதாவது துகள் மாட்டியிருக்கும். ப்ளீட்டை சுத்தம் பண்றேன்னு ஊசியை விட்டுக் குடையறாங்க சில பேர், தயவுசெஞ்சு வேணாம், ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் அந்த நோட் எப்பவும் மத்ததை விட பலவீனமா தான் வரும். முடி மாதிரி மெல்லிய கம்பி, சுவரைத் தொடாம, அவ்வளவு தான்.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான்: நோட் நிக்குது, ஆனா வேகமா தட்டத் தட்ட வரவேண்டிய இடத்துல ஒரே இழுவையா வருது. அதுவும் ப்ளீட் தான், பாதி அடைப்பு. ஸ்காட் ஜாப்ளின் ராக்டைம் ரோல் போட்டா உடனே தெரிஞ்சிடும், இடது கை தத்தித் தத்திப் போகும். ஜாப்ளினே 1916ல சில ரோலுக்கு உக்காந்து வாசிச்சுக் குடுத்திருக்கார், அவர் உயிரோட இருந்த கடைசி வருஷங்கள் அது, வேற ஒலிப்பதிவு அவரோடது எதுவும் இல்ல. அதை இழுவையா கேக்கறது பாவம்.

பேப்பர் நொண்டுது, ஓடுது, தூங்குது

பேப்பரை உருட்டறதும் காத்து தான். நாலஞ்சு குட்டித் துருத்தி ஒண்ணு மாத்தி ஒண்ணு மூடி ஒரு தண்டைச் சுத்தும். சீரா ஓடாம ஒரு சுத்துக்கு ஒரு தடவை நொண்டிச்சுன்னா அதுல ஒரு துருத்தி லீக், இல்ல அதோட முன்னாடி வழுக்கிட்டுப் போற மரக்கட்டை வால்வு ஒண்ணு அழுக்கு. கட்டையை எடுத்துத் துடைச்சு கிராஃபைட் பொடி தேய்ங்க, பென்சில் முனையைச் சுரண்டினாலும் சரி. எண்ணெய் விடாதீங்க, தேங்காய் எண்ணெய் தையல் மிஷின் எண்ணெய் எதுவுமே, மரம் குடிச்சிட்டு பிசுபிசுன்னு பிடிச்சுக்கும்.

இன்னொரு வகை: பலமா மிதிச்சா பாட்டு வேகமாகுது, மெதுவா மிதிச்சா தூங்குது. அப்படி ஆகவே கூடாது, மிதிக்கறது சத்தத்துக்கு மட்டும் தான், வேகம் லீவர்ல. நடுவுல கவர்னர்னு ஒரு துருத்தி இதைக் காப்பாத்தணும், அது வேலை செய்யல. பலமா மிதிக்கும்போது வேகம் கூடினா கவர்னர் போதுமான அளவு மூடல, வேகம் குறைஞ்சா அளவுக்கு மீறி மூடுது. துணி கிழிஞ்சிருக்கான்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் தான் ஸ்க்ரூவைத் தொடணும். வேகம் சரியான்னு பாக்க கணக்கு இருக்கு: டெம்போ 70ல வெச்சா ஒரு நிமிஷத்துக்கு 7 அடி பேப்பர் ஓடணும், 80க்கு 8 அடி. டெஸ்ட் ரோல்னு தனியா கிடைக்கும், அதுல அடி குறி போட்டிருக்கும், கடிகாரத்தைப் பாத்துட்டு மிதிச்சா போதும்.

நீளமான ரோல் கடைசிக்கு வரும்போது லேசா வேகம் கூடற மாதிரி இருந்தா மெஷினைத் திட்டாதீங்க. கீழ சுத்தற உருளைல பேப்பர் சேரச் சேர அது தடிமனாகுது, அதே சுத்துக்கு அதிகப் பேப்பர் இழுக்குது.

எல்லா கார்டும் (பல நோட் ஒண்ணா சேர்ந்து வர்ற இடம்) அபஸ்வரமா வருது

பக்கத்து பக்கத்து நோட் சேர்ந்து அடிச்சா பேப்பர் நகர்ந்து ஓடுதுன்னு அர்த்தம். ஒரு இஞ்சுக்கு 9 ஓட்டைங்கற கணக்குல நெருக்கி வெச்சிருக்கு, ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பக்கத்து ஓட்டைல காத்து புகுந்திடும். பேப்பரை நேரா வெச்சுக்க ரெண்டு பக்கமும் விரல் மாதிரி ஏதாவது உரசிட்டு இருக்கும், சில மெஷின்ல அதுக்கு பதிலா ஓரத்துல குட்டி ஓட்டைகள். பேப்பர் ஓரம் கிழிஞ்சிருந்தா அது ஏமாந்துடும். எல்லா ரோலும் ஒரே பக்கம் போச்சுன்னா பேப்பரை நேராக்கற அந்த அமைப்போட டியூப் ஏதாவது வெடிச்சிருக்கலாம், ஒரு ரோல் மட்டும் போச்சுன்னா ரோல் தான் குத்தவாளி. ஜூலை ஈரத்துல பேப்பர் ஊதி அகலமாகி எல்லாமே தகராறு பண்ணும், ரெண்டு நாள் ஏசி ரூம்ல வெச்சிட்டுப் போடுங்க.

சம்பந்தமே இல்லாத நோட்டெல்லாம் வருது

இதுக்கு மெஷினைப் பிரிக்காதீங்க, ரோலைப் பாருங்க. 1908 டிசம்பர்ல பஃபலோ நகரத்துல ரோல் கம்பெனிக்காரங்க எல்லாம் உக்காந்து அகலம் 11¼ இஞ்சுன்னு முடிவு பண்ணாங்க, 65 நோட்டுக்கு இஞ்சுக்கு 6 ஓட்டை, 88க்கு 9. ஸ்கேல் வெச்சு எண்ணிப் பாருங்க. 6 வந்தா அது பழைய 65 நோட் ரோல், உருளை முனைல ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், உங்க மெஷின்ல உக்காரவே உக்காராது, சில பேர் முனையை அறுத்து உக்கார வெக்கறாங்க, வந்தது சங்கீதமே இல்ல.

ரோல் சரியா உக்காருது, பாட்டும் தெரியுது, ஆனா ரெண்டு ஓரத்துலயும், அடி பேஸ்லயும் உச்சி ட்ரெபிள்லயும், யாரோ குழந்தை தட்டற மாதிரி வருதா? பெட்டியைப் பாருங்க, டியோ-ஆர்ட்னோ ஆம்பிகோன்னோ எழுதியிருக்கும். அந்த ரோல்ல ஓரத்து ஓட்டைகள் நோட் இல்ல, எவ்வளவு பலமா அடிக்கணும்ங்கற உத்தரவு. வாசிச்சவரோட கை அழுத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கப் பாத்த வகை இது. ராக்மனினாஃப் ஆம்பிகோக்கு வாசிச்சார், கெர்ஷ்வின் டியோ-ஆர்ட்டுக்கு. அந்த மெஷினுக்குத் தான் அந்த உத்தரவு புரியும், உங்க சாதா மெஷின் அதையும் நோட்டுன்னு நெனச்சு அடிக்குது. கெடுதல் ஒண்ணும் இல்ல, கேக்கத் தான் கன்றாவி. இதுக்கெல்லாம் முன்னோடி ஜெர்மனில ஃப்ரைபர்க் ஊர்ல 1904ல வந்த வெல்ட்டே-மிக்னான், 1905ல மாலர், அதுக்கு அடுத்த வருஷம் க்ரீக், பின்னால டெபுஸி எல்லாம் அதுக்கு வாசிச்சிருக்காங்க. அந்த சிவப்புப் பேப்பர் ரோல் எங்கயாவது கிடைச்சா மாட்டிப் பாக்காதீங்க, அகலமே 12⅞ இஞ்ச், உங்க பெட்டிக்குள்ள நுழையாது.

திருப்பிச் சுத்தும்போதும் வாசிக்குது

ரீரோல் லீவரைத் தள்ளினா பெட்டிக்குப் போற உறிஞ்சல் அடையணும். அடைக்கற தட்டுத் தோல் காஞ்சு போச்சு, இல்ல அதுக்குப் போற கம்பி கழண்டிருக்கு. பத்து நிமிஷ வேலை.

சஸ்டெய்ன் பெடல் (நோட்டை நீட்டி ஒலிக்க விடறது) வேலை செய்யல

பார்ல இடது ஓரத்துல மத்ததை விடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கும், அது தான் இதுக்கு. டியூபைப் பாருங்க, ப்ளீட்டைப் பாருங்க, மேல சொன்ன அதே கதை.

எல்லாம் ஓடுது, ஆனா உயிரே இல்ல, மெஷின் மாதிரி வாசிக்குது

இது ரிப்பேர் இல்ல, நீங்க. கோச்சுக்காதீங்க. சாதா 88 நோட் ரோல்ல எந்த நோட் எப்போ, எவ்வளவு நேரம்ங்கறது மட்டும் தான் இருக்கு, சத்தம் கூட்டறது குறைக்கறது எதுவும் இல்ல, அது உங்க கால்ல இருக்கு. எல்லாரும் சைக்கிள் மிதிக்கற மாதிரி ஒரே சீரா மிதிக்கறாங்க. பாட்டு அடங்கற இடத்துல பாதமே தெரியாம மிதிக்கணும், அழுத்தம் வர்ற நோட்டுக்கு ஒரு நொடி முன்னாடி ஒரு காலால நறுக்குன்னு ஒரு உதை. முன்னாடி இருக்கற லீவர்ல பேஸை மட்டும் தணிக்கலாம், வேகத்தை இழுத்து விடலாம். சில ரோல்ல பேப்பர் மேலயே கோடு போட்டிருப்பாங்க, ஏயோலியன் கம்பெனி ரோல்ல சிவப்புக் கோடு, அதை டெம்போ லீவர்ல இருக்கற முள்ளால தொடர்ந்துட்டே போனா வேகம் எங்க இளகணும்னு தெரியும். இதுக்குத் தான் மேல சொன்ன லீக் எல்லாத்தையும் அடைக்கணும்ங்கறேன், லீக் இருக்கற மெஷின்ல மிதிக்கற பலம் பூரா உயிரைக் காப்பாத்தறதுக்கே போயிடும், மெதுவா வாசிக்க மிச்சமே இருக்காது.

ஆனா கையால யாரும் வாசிக்காம, ஸ்கேல் பென்சில் வெச்சுக் கணக்குப் போட்டுக் குத்தின ரோலும் நிறைய உண்டு, அதுல எவ்வளவு மிதிச்சாலும் ஓரளவு தான். அதையே கலையாக்கினவர் கான்லான் நான்கரோ, மெக்சிகோ சிட்டில உக்காந்து மனுஷக் கை வாசிக்கவே முடியாத இசையை ஓட்டை ஓட்டையா தானே குத்தினார். அவர் ரோலை உங்க மெஷின்ல போட ஆசைப்படாதீங்க, முதல்ல அந்த ஒரு நோட் ப்ளீட்டை சுத்தம் பண்ணுங்க.

ரோல் நொறுங்குது

1920கள் பேப்பர்ல அமிலம் ஜாஸ்தி, சிலது தொட்டாலே சில்லு சில்லா வருது. ஓரக் கிழிசல்னா லைப்ரரிக்காரங்க பயன்படுத்தற மெல்லிய சூட்டுல ஒட்டற டிஷ்யூ போடலாம், செலோடேப்பும் மாஸ்கிங் டேப்பும் ரெண்டு வருஷத்துல மஞ்சளாகி அடுத்த சுத்தோட ஒட்டிக்கும். நடுவுல உடையற ரோலை ஓட்டவே கூடாது, ஒரு தடவை ஓட்டினா அது தான் கடைசி. பிரபலமான பாட்டுன்னா புதுசா குத்தின பிரதி கிடைக்கும், அதை வாங்கி ஓட்டுங்க. கிடைக்காத ரோல்னா ஸ்கேன் தான், ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிடில ஆயிரக்கணக்கான ரோலை இப்படி ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, கேக்கவும் முடியுது. பாட்டியோட பெட்டில எனக்கு இப்படி ரெண்டு ரோல் வந்துச்சு, ஒண்ணுல லேபிளே இல்ல, என்ன பாட்டுன்னு இன்னும் தெரியாது, செருப்புப் பெட்டில துணி சுத்தி வெச்சிருக்கேன், அடிக்கடி திறந்து ஓட்டையை மட்டும் பாத்துக்குவேன்.